பழக்கம் தின்ன நாளெல்லாம் எங்க போச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க வார இணைப்புல கொஞ்ச நாளா நேரத்தைப் பத்தியும் தினசரி பழக்கத்தைப் பத்தியும் கட்டுரை மேல கட்டுரையா வந்துட்டிருக்கு. எல்லாத்தையும் ஒண்ணு விடாம படிச்சுட்டுதான் இதை டைப் பண்றேன், அதனால படிக்காம குறை சொல்ற ஆளுன்னு நினைச்சுக்காதீங்க. காலைல அஞ்சு மணிக்கு எந்திரி, 21 நாள் விடாம செஞ்சா எதுவும் பழக்கமாயிடும், ஒரு நிமிஷத்தைக்கூட வீணாக்காத, ஜெயிச்சவங்க எல்லாம் இப்படித்தான் இருந்தாங்க, சுத்திச் சுத்தி இதேதான். நல்ல எண்ணத்துலதான் போடுறீங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா படிச்சு முடிச்சதும் எனக்கு வர்ற கேள்வி வேற. இப்படி மிச்சம் பிடிச்ச நேரமெல்லாம் கடைசில எங்க போய்ச் சேருது? பழக்கமாவே ஓடின ஒரு வருஷத்தைத் திரும்பிப் பாத்தா அதுல ஏன் ஒண்ணுமே இருக்க மாட்டேங்குது? இதைப் பத்தி யாரும் எழுதுற மாதிரி தெரியல, சரி நாமளே எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த 21 நாள் கணக்கை முடிச்சுடுவோம். இது எங்கேருந்து கிளம்புச்சுன்னு தேடிப் போனா சிரிப்புதான் வருது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு அமெரிக்காவுல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு கண்ணாடில தெரியுற புது மூஞ்சி பழகறதுக்கு குறைஞ்சது ஒரு 21 நாளாவது ஆகுதுன்னு கவனிச்சு 1960ல ஒரு புத்தகத்துல எழுதி வச்சார். அவர் சொன்னது குறைஞ்சபட்சக் கணக்கு, அதுவும் உத்தேசமா. அந்த உத்தேசமெல்லாம் வழியில எங்கேயோ உதுந்து போச்சு, நம்பர் மட்டும் ஊர் ஊரா சுத்திட்டிருக்கு. அதுவுமில்லாம புது மூக்கு பழகறதும் தினம் காலைல ஓடப் போறதும் ஒண்ணா?

நிஜமாவே உக்காந்து அளந்து பாத்தவங்க லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியும் அவங்க கூட வேலை செஞ்சவங்களும். 2010ல ஜர்னல்ல வந்த ஆராய்ச்சி. 96 பேரைப் பிடிச்சு ஆளுக்கு ஒரு சின்ன வேலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, தினம் ஏதோ ஒண்ணை முடிச்ச கையோட அதைச் செய்யணும், யோசிக்காம தானா வருதா இல்ல இன்னும் நம்மளே நம்மளைப் பிடிச்சுத் தள்ள வேண்டியிருக்கான்னு தினமும் பதிவு பண்ணணும்னு 84 நாள் பாத்தாங்க. நடுவாந்தரமா 66 நாள் வந்துச்சு. சீக்கிரம் பழகினவருக்கு 18 நாள், ரொம்ப இழுத்தவருக்கு 254 நாள். அந்த 254கூட வரைபடக் கோட்டை நீட்டிப் பாத்து வந்த கணக்குதான், ஆராய்ச்சியே 84 நாள்ல முடிஞ்சு போச்சே. ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிற மாதிரி விஷயமெல்லாம் சட்டுனு பழகிடுது, உடற்பயிற்சிதான் இழுக்குது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச சங்கதி என்னன்னா, நடுவுல ஒரு நாள் விட்டுப் போனதால பெரிசா எதுவும் கெட்டுப் போகல. உங்க கட்டுரைல ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும்னு மிரட்டி எழுதியிருந்தாங்க. அதைப் படிச்சுட்டு, 21 நாள் ஆகியும் வரலையே, அப்போ என்கிட்டதான் ஏதோ கோளாறுன்னு எத்தனை பேர் தலையில அடிச்சுக்கிட்டு விட்டாங்களோ.

அடுத்தது அஞ்சு மணி. முடிஞ்சவங்க தாராளமா எந்திரிக்கட்டும், நான் ஒண்ணும் குறுக்க நிக்கல. முடியாதவனை சோம்பேறின்னு எழுதுறதுதான் அநியாயம். உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குங்கிறது இன்னிக்கு நேத்திக்குக் கண்டுபிடிச்சது இல்ல. 1729ல டி மெரான்ங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டுக்குள்ள வச்சுப் பாத்தார், வெளிச்சமே இல்லாட்டியும் இலை பகல் நேரத்துக்கு விரிஞ்சுது, ராத்திரி ஆனா மூடிக்கிச்சு. அதுக்கு அப்புறம் ரொம்ப காலம் கழிச்சு, இந்தக் கடிகாரம் செல்லுக்குள்ள எப்படி ஓடுதுங்கிறதை பழ ஈயை வச்சு விளக்கினதுக்குத்தான் 2017ல ஹால், ராஸ்பாஷ், யங்னு மூணு பேருக்கு மருத்துவ நோபல் கொடுத்தாங்க. ஒரு புரதம் பகல் முடிஞ்சு செல்லுல சேர்ந்துக்கிட்டே போகுது, ஓரளவுக்கு மேல சேர்ந்ததும் தன்னோட உற்பத்தியைத் தானே நிறுத்திடுது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு திரும்ப முதல்லேருந்து, இந்தச் சுத்து ஒரு நாள். மனுஷனுக்கு இது சரியா 24 மணி நேரம்கூட கிடையாது, சராசரியா அதுக்கு மேல ஒரு பத்து நிமிஷம் சொச்சம், தினமும் வெளிச்சம் பட்டுதான் அதைத் திருப்பி வைக்குது. இதுலயும் ஆளுக்கு ஆள் வித்தியாசம், அதுக்குப் பரம்பரையும் ஒரு காரணம், வயசும் ஒரு காரணம். பதின்ம வயசுல அது பின்னாடி தள்ளிப் போகும், வயசாக ஆக முன்னாடி வரும். காலேஜ் பையன் காலைல எந்திரிக்க மாட்டேங்குறான், தாத்தா நாலு மணிக்கே முழிச்சுக்கிட்டு வீட்டை உருட்டுறார்னா ரெண்டு பேருமே வேணும்னு பண்றதில்ல. தத்துவ மேதை டெகார்ட் வாழ்நாள் பூரா மதியம் வரைக்கும் படுக்கையில கிடந்தே யோசிச்சவர். சுவீடன் ராணி கிறிஸ்டினா தனக்குப் பாடம் சொல்லித் தரணும்னு கூப்பிட்டு, குளிர்காலத்துல விடியக்காலை அஞ்சு மணிக்கு வரச் சொன்னாங்க. 1650 பிப்ரவரியில நிமோனியாவுல போய்ச் சேர்ந்துட்டார். அஞ்சு மணிதான் கொன்னுச்சுன்னு நான் சொல்ல வரல. ஆனா உங்க கட்டுரையாளர் ஜெயிச்சவங்க லிஸ்ட் போடும்போது இவரை மட்டும் எப்படி விட்டார்னுதான் கேக்குறேன்.

சரி, இதெல்லாம் சின்னச் சண்டை. விஷயத்துக்கு வர்றேன்.

மிஷேல் சிஃப்ர்னு ஒரு பிரெஞ்சுக்காரர், நிலவியல் படிச்சவர், அப்ப வயசு 23. 1962 ஜூலை 16ஆம் தேதி ஆல்ப்ஸ் மலையில ஒரு குகைக்குள்ள கையில வாட்ச் கூட இல்லாம தனியா இறங்கினார். பகல் ராத்திரி தெரியாது, குளிர் வேற. எப்ப தூங்கணும்னு தோணுதோ அப்ப தூங்குவார், எப்ப முழிப்பு வருதோ அப்ப எந்திரிப்பார், ரெண்டையும் மேல இருக்கிற டீமுக்கு போன்ல சொல்லுவார். அவங்க நேரத்தைக் குறிச்சுக்குவாங்க, ஆனா அவருக்கு மணி சொல்ல மாட்டாங்க. செப்டம்பர் 14ஆம் தேதி முடிஞ்சுது வெளிய வாங்கன்னு சொன்னப்போ அவர் டைரி கணக்குல அன்னிக்கு ஆகஸ்ட் 20. நடுவுல 25 நாளைக் காணோம். 120 வரைக்கும் செகண்டுக்கு ஒண்ணா எண்ணச் சொன்னப்போ அவர் எண்ணி முடிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சாம். இதுல எனக்கு ஆச்சரியமான இடம் இது இல்ல, அதுக்கு அடுத்தது. மேல குறிச்சு வச்சிருந்ததைப் பாத்தா அவர் தூங்கி முழிக்கிற சுத்து சராசரியா 24½ மணி நேரம்தான் வந்திருக்கு. உடம்பு கிட்டத்தட்ட கரெக்டா கணக்கு வச்சிருந்திருக்கு. கோட்டை விட்டது மனசுதான்.

குகைக்குள்ள இறங்காமலே நமக்கும் இதான் நடக்குது, என்ன, காலண்டர் தினம் கண்ணு முன்னாடி இருக்கறதால தேதி தப்புறதில்ல, அவ்வளவுதான். தேதி சரியா இருக்கும், நாள் காணாமப் போயிருக்கும். ஒரு சாதாரண விஷயத்தை எடுத்துக்கோங்க. வீட்டைப் பூட்டிட்டு தெருமுனை வரைக்கும் வந்தாச்சு, திடீர்னு பூட்டினோமான்னு ஒரு சந்தேகம். நின்னு யோசிச்சுப் பாப்போம். வலது கையில சாவி, ரெண்டு சுத்து, பூட்டைப் பிடிச்சு ஒரு இழு, சாவியைப் பையோட சைடு ஜிப்புல போட்டு ஜிப்பை மூடினது, எல்லாம் படம் மாதிரி ஞாபகம் வரும். ஆனா அது இன்னிக்குப் பூட்டினதா நேத்துப் பூட்டினதான்னு சொல்லவே முடியாது. ஆயிரம் தடவை பூட்டினது எல்லாம் ஒண்ணா சேர்ந்து ஒரே ஒரு தடவை ஆயிடுச்சு. கடைசில பாதி வழி திரும்பிப் போய் இழுத்துப் பாத்தா பூட்டு ஜம்முனு தொங்கிட்டிருக்கும். கை வேலையை முடிச்சுடுச்சு, நம்மகிட்ட சொல்லிட்டுச் செய்யல. என்னிக்காவது சாவி உள்ள சிக்கி, ஆட்டி ஆட்டிப் பாத்து, பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெய் கொண்டு வந்து விட்டு, ஒரு வழியா பூட்டின நாள் இருந்தா அது மட்டும் தேதியோட ஞாபகம் இருக்கும்.

பூட்டோட போச்சுன்னா பரவால்ல. வெண்டி வுட்னு ஒரு உளவியல் பேராசிரியர், ஆளுங்ககிட்ட மணிக்கு ஒருதரம் அலாரம் அடிக்க வச்சு இப்ப என்ன செஞ்சுட்டிருக்க, மனசு எதை நினைச்சுட்டிருக்குன்னு எழுதச் சொல்லி ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2002ல வந்துச்சு. அதுல 43 சதவீதம் காரியம் தினம் அதே இடத்துல அதே மாதிரி, பெரும்பாலும் வேற எதையோ நினைச்சுக்கிட்டே செஞ்சதுதான். முழிச்சிருக்கிற நேரத்துல பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அவங்க கேட்டது காலேஜ் பிள்ளைங்ககிட்ட, அதுங்களுக்கே இப்படின்னா முப்பது வருஷம் ஒரே ஆபீஸ், ஒரே பஸ், ஒரே நாற்காலின்னு இருக்கிற ஆளுக்குக் கணக்கு என்ன வரும்னு நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

வயசாக ஆக வருஷம் வேகமா ஓடுதுன்னு எல்லாருமே சொல்றோம் இல்லையா, இதுக்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. 1877ல பால் ஜானேன்னு ஒருத்தர் சொன்னது, அஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஒரு வருஷம்னா அதோட வாழ்க்கையில அஞ்சுல ஒரு பங்கு, ஐம்பது வயசுக்காரனுக்கு ஐம்பதுல ஒரு பங்கு, அதான் சின்னதா தெரியுதுன்னு. கேக்க நல்லா இருக்கு, எனக்கு என்னவோ இது ஒட்டல. பின்னக் கணக்கு போட்டுக்கிட்டா யாராவது வாழுறாங்க? அப்படிப் பாத்தா ஐம்பது வயசுக்காரனுக்கு பல் வலியும் சின்னதாத்தானே தெரியணும். 2005ல விட்மன், லென்ஹாஃப்னு ரெண்டு பேர் ஜெர்மனியிலயும் ஆஸ்திரியாவுலயும் 14 வயசுலேருந்து 94 வயசு வரைக்கும் 499 பேர்கிட்ட கேட்டுப் பாத்திருக்காங்க. போன வாரம் எப்படிப் போச்சு, போன மாசம் எப்படிப் போச்சுன்னு கேட்டா சின்னவங்க பெரியவங்க எல்லாருமே ஏறக்குறைய ஒரே மாதிரி வேகமாத்தான் போச்சுங்கிறாங்க. போன பத்து வருஷம் எப்படிப் போச்சுன்னு கேட்டாதான் வயசுக்கேத்த வித்தியாசம் நல்லாத் தெரியுது. அதாவது வாரம் அதே வாரம்தான். பத்து வருஷத்தைத் திரும்பிப் பாக்கும்போது உள்ள என்ன கிடைக்குதோ அதை வச்சுதான் அது நீளமா குட்டையான்னு சொல்றோம். வயசானவங்ககிட்ட வாழ்க்கைக் கதையைச் சொல்லச் சொன்னாலும் ஞாபகம் அதிகமா குவியுறது பத்து வயசுலேருந்து முப்பது வயசுக்குள்ளதான்னு உளவியல்ல திரும்பத் திரும்பப் பாத்திருக்காங்க. முதல் காதல், முதல் சம்பளம், முதல் சாவு, எல்லாம் அங்கதான் கிடக்கு. நாப்பதுக்கு மேல என்ன முதல் இருக்கு, மூக்குக்கண்ணாடியைத் தவிர?

இன்னொரு ஆராய்ச்சி, கேட்டா பயங்கரம். டேவிட் ஈகிள்மேன்னு நரம்பியல் விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் ஆளுங்களை 31 மீட்டர் உயரத்துலேருந்து மல்லாக்க வலைக்குள்ள விழ வச்சாங்க, 2007ல. விழுந்து எந்திரிச்சவங்ககிட்ட எவ்வளவு நேரம் விழுந்தன்னு கேட்டா, மத்தவங்க விழுந்ததைப் பாத்து போட்ட கணக்கைவிட 36 சதவீதம் அதிகமா சொன்னாங்க. அப்போ நிஜமாவே அந்த நேரத்துல எல்லாம் மெதுவா ஓடிச்சான்னு பாக்க, கையில ஒரு டிஸ்ப்ளேவைக் கட்டி நம்பரை வேகமா மின்ன விட்டிருந்தாங்க, நேரம் மெதுவானா அதைப் படிக்க முடியணும். யாராலயும் படிக்க முடியல. நேரம் நீளல, நினைச்சுப் பாக்கும்போதுதான் நீளமா இருந்துருக்கு. கடிகாரத்துக்கு ஒரு செகண்டுன்னா சீசியம் அணுவோட 9,192,631,770 அதிர்வு, 1967லேருந்து அதான் உலகத்துக்கே அளவு, பூமி சுத்துறதுகூட அந்த அளவுக்கு ஒழுங்கு இல்லன்னு 1972லேருந்து இதுவரைக்கும் 27 லீப் செகண்ட் சேர்த்து ஒப்பேத்தியிருக்காங்க (ஒரு செகண்டைக்கூட வீணாக்காதங்கிறவங்க இந்த 27ஐ என்ன பண்ணாங்கன்னு தெரியல). நமக்கு அப்படி ஒரு அளவே கிடையாது.

உடனே நீங்க கேப்பீங்க, அப்போ பழக்கத்தையெல்லாம் விட்டுட்டு தினம் புதுசு புதுசா ஏதாவது பண்ணிட்டே இருக்கணுமான்னு. இதையும் ஒரு பாடமா எழுதுறவங்க இருக்காங்க, ஊர் சுத்து, புது வழியில போ, நாள் நீளும்னு. நான் அந்தக் கட்சி இல்ல. முதல்ல அதுக்கெல்லாம் வசதி வேணும். ரெண்டாவது, வாழ்க்கையில புதுசா வர்றது எல்லாம் நல்லதா என்ன? ஆஸ்பத்திரி வராந்தாவுல உறவுக்காரங்களுக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கிற நாளும் புதுசுதான். வேலை போன மாசமும் புதுசுதான். கைக்குழந்தையை வச்சுக்கிட்டு ராத்திரி பூரா முழிச்சவங்களைக் கேட்டுப் பாருங்க, ஒவ்வொரு ராத்திரியும் நகரவே மாட்டேன்னுச்சு, ஆனா குழந்தை எப்ப இவ்வளவு பெரிசாச்சுன்னே தெரியலைம்பாங்க. அந்த நேரத்துல ரெண்டுமே உண்மை.

அதைவிடப் பெரிய விஷயம், பழக்கத்தை எடுத்துட்டா நம்மகிட்ட என்ன மிஞ்சும்? ஹென்றி மொலைசன்னு ஒருத்தர், செத்த பிறகுதான் பேரையே வெளிய சொன்னாங்க, அதுவரைக்கும் உலகத்துக்கு ஹெச்.எம். அவ்வளவுதான். வலிப்புக்காக 1953ல, அவருக்கு 27 வயசு, மூளையோட ரெண்டு பக்கத்துலயும் உள்பகுதியைக் கொஞ்சம் வெட்டி எடுத்தாங்க. வலிப்பு குறைஞ்சுது, ஆனா அதுக்கு அப்புறம் புதுசா எதுவும் ஞாபகத்துல தங்கல. பேசிட்டு வெளிய போன டாக்டர் திரும்ப உள்ள வந்தா புது ஆள். பிரெண்டா மில்னர்னு உளவியல் நிபுணர் அவர்கிட்ட ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கையைப் பாக்காம கண்ணாடியில மட்டும் பாத்து அதோட ஓரத்துல பென்சிலால வரையச் சொன்னாங்க. செஞ்சு பாருங்க, கை எதிர்ப்பக்கமா இழுக்கும், எரிச்சலா வரும். மூணு நாள் பயிற்சி. நாளுக்கு நாள் அவர் கை தேறிக்கிட்டே வந்துச்சு, கடைசில நல்லாவே வரைஞ்சார். ஆனா ஒவ்வொரு நாளும் இதுக்கு முன்னாடி இதைச் செஞ்சதா அவருக்கு ஞாபகமே இல்ல. பழகுறது ஒரு இடத்துல, நினைவு வைக்கிறது இன்னொரு இடத்துலன்னு மூளை ரெண்டையும் தனித்தனியா வச்சிருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சதே இவராலதான். 2008ல இறந்தார். வாழ்க்கையில பாதிக்கு மேல அவர்கிட்ட இல்லவே இல்ல, ஆனா கை கத்துக்கிட்டதை விடல.

இதைப் படிச்ச நாள்லேருந்து எனக்கு ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நாள் பூரா பழக்கத்துல போச்சு, எனக்கு ஞாபகம் இல்ல, சரி. எனக்கு இல்லன்னா யாருக்குமே இல்லைன்னு ஆயிடுமா? நம்ம வீட்டுல இருக்கிற ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. அவர் வாழ்க்கையோட பெரிய சம்பவங்களா ஞாபகம் வருது? செருப்பை எந்தப் பக்கமாக் கழட்டி விடுவார், பேப்பரை எப்படி நாலா மடிச்சு ஒரு பக்கத்தை மட்டும் வெளிய வச்சுப் படிப்பார், கேட் கொண்டியை ரெண்டு தடவை தட்டிப் போடுற சத்தம், போன்ல பேச ஆரம்பிக்கும்போது ஒரு கனைப்பு, லைட்டை அணைச்சுட்டு திரும்ப ஒருதரம் போட்டுப் பாத்துட்டு அணைக்கிறது. இதெல்லாம் அவருக்கே தெரியாது. கேட்டா நான் எங்க அப்படிப் பண்றேன்னு சண்டைக்கு வருவார். பூட்டு விஷயத்துல என் கை என்கிட்ட சொல்லாம செஞ்சுது பாருங்க, அதைப் பக்கத்துல இருந்த யாரோ பாத்துட்டுத்தான் இருந்திருக்காங்க. ஒருத்தர் இல்லாமப் போனா வீட்டுல இருக்கறவங்களுக்கு முதல்ல இடிக்கிறது அவரோட சாதனை இல்ல, ஆறு மணிக்கு வர வேண்டிய கொண்டி சத்தம் வரலையேங்கிறதுதான். அப்போ நான் தொலைச்சுட்டேன்னு நினைக்கிற நாளெல்லாம் என்கிட்ட இல்லையே தவிர தொலையல, என் கூட இருக்கறவங்ககிட்ட இருக்கு. அவங்களோடது என்கிட்ட இருக்கு. இது ஆறுதலுக்காகச் சொல்றது இல்ல, சில பேருக்கு இது தண்டனைகூட. சாயங்காலம் ஆனா கத்துற அப்பன் கத்தினதை மறந்துடுவான், பிள்ளைக்கு அந்தக் கேட் சத்தத்துல இன்னும் வயிறு இறுகும்.

இங்கதான் உங்க கட்டுரைங்க எனக்குப் பிரச்சனை. அதுல பழக்கம்னா நான் ஒருத்தன் எனக்காகக் கட்டிக்கிற விஷயம், என் உடம்பு, என் வளர்ச்சி, என் இலக்கு. பக்கத்துல ஆளே கிடையாது. தினம் பத்து நிமிஷம் மிச்சம் பண்ணா நாப்பது வருஷத்துல 101 நாள் கையில வரும்னு கணக்கு போட்டிருந்தீங்க, பெருக்கிப் பாத்தேன், கணக்கு சரிதான். ஆனா அந்த 101 நாளும் யாருக்கும் மொத்தமா வந்து சேரப் போறதில்ல, பத்துப் பத்து நிமிஷமாத்தான் வரும், வந்த உடனே போன் தின்னுடும். அதோட, அந்தப் பத்து நிமிஷம் யார்கிட்டேருந்து எடுத்தது? பெரும்பாலும் ஒருத்தர் மிச்சம் பண்ண நேரத்தை இன்னொருத்தர் செலவு பண்ணியிருப்பார்.

அந்தோணி ட்ரோலப்னு ஆங்கில நாவலாசிரியர், உங்க லிஸ்ட்ல ரெண்டாவதா இருக்கார். தபால் இலாகாவுல முழு நேர வேலை, அதுக்கு முன்னாடி தினம் காலைல 5.30க்கு மேஜைக்கு வந்து வாட்சை எதிர்ல வச்சுக்கிட்டு கால் மணிக்கு 250 வார்த்தைன்னு மூணு மணி நேரம் எழுதுவார், அப்படியே 47 நாவல் எழுதினார். எல்லாம் சரி, நீங்க போட்டது அவ்வளவும் உண்மை. ஆனா அவர் தன் வாழ்க்கையைப் பத்தித் தானே எழுதினதுல அடுத்த வரியையும் படிச்சிருக்கணும். தினம் அந்த நேரத்துக்கு அவரை எழுப்பி விடுறதுக்குன்னே குதிரை லாயத்துல வேலை பாத்த ஒரு வயசான ஆளுக்கு வருஷம் 5 பவுண்ட் கூடுதலா கொடுத்திருக்கார். அந்த ஆள் ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்லையாம், என் வெற்றிக்கு வேற யாரையும்விட அவருக்குத்தான் நான் அதிகமா கடன்பட்டிருக்கேனோன்னு ட்ரோலப்பே ஒத்துக்குறார். அஞ்சரைக்கு எந்திரிச்சவருக்கு 47 நாவல். அவரை எழுப்ப அதுக்கும் முன்னாடி எந்திரிச்சவருக்கு உங்க கட்டுரைல ஒரு வரிகூட இல்ல. அவரை யார் எழுப்பினாங்கன்னு ட்ரோலப்பும் எழுதல.

உங்க பேப்பரையே எடுத்துக்கோங்களேன். அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அமைதியா பேப்பர் படிக்கிற பழக்கத்தை வளர்த்துக்கோங்கன்னு ஒரு கட்டுரை. அந்த நேரத்துக்கு அது வாசல்ல விழணும்னா அச்சடிக்கிறவர், கட்டுக் கட்டி வண்டியில ஏத்துறவர், பிரிச்சு இணைப்பை உள்ள சொருகுறவர், சைக்கிள்ல வர்றவர், எத்தனை பேரோட தூக்கம் அதுல இருக்கு. அவங்க உடம்புக்குள்ளயும் அந்தப் புரதக் கடிகாரம்தான் ஓடுது, தினம் அதுக்கு எதிரா நின்னு வேலை செய்றாங்க. ராத்திரி ஷிஃப்ட் வேலை உடம்பைக் கெடுக்குதுங்கிறது மருத்துவத்துல நல்லாத் தெரிஞ்ச விஷயம். நான் பேப்பரை நிறுத்தச் சொல்லல, எனக்கும் காலைல அது இல்லாம முடியாது. காலை ஆறு மணிக்கு அது வந்து விழுற சத்தம் வரலைன்னா கை காலே ஓடாது. அந்தச் சத்தத்தைப் போடுறவர் யாருன்னு நான் பாத்ததுகூட இல்லங்கிறதையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அதனால ரெண்டே ரெண்டு கோரிக்கை. ஒண்ணு, அந்த 21 நாள், ஒரு நாள் விட்டா போச்சுங்கிற ரெண்டையும் அடுத்த இணைப்புல திருத்தம் போடுங்க, கட்டம் கட்டிப் போட்டா நல்லது. ரெண்டாவது, இனிமே பெரிய மனுஷங்களோட தினசரி அட்டவணையைப் போடும்போது பக்கத்துல இன்னொரு வரிசை சேர்த்து, அவங்களுக்காக அதே நேரத்துல வேற யார் என்ன செஞ்சுக்கிட்டிருந்தாங்கன்னும் போடுங்க. பொண்டாட்டி, அம்மா, வேலைக்காரர், டைப்பிஸ்ட், யாரா இருந்தாலும். நிறைய பேர் விஷயத்துல பேரே கிடைக்காது, அப்போ அந்தக் கட்டத்தைக் காலியாவே விட்டுடுங்க, பரவால்ல.

கடிதம் நீளம்னு வெட்டுவீங்கன்னு தெரியும், வெட்டிக்கோங்க. தொட்டாற்சிணுங்கி, நோபல், சீசியம் எல்லாத்தையும் எடுத்துடலாம், மேக்ஸ்வெல் மால்ட்ஸையும் சுருக்கிக்கலாம். அந்த லாயத்து ஆளை மட்டும் எடுக்காதீங்க, அப்புறம் நான் எழுதினதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும்.

இப்படிக்கு
உங்க நெடுநாள் வாசகர் ஒருத்தர்